பாலத்தின் மேல் ஒரு சைகை

கார்வர்ஸ் ரன், பென்சில்வேனியா
பிப்ரவரி 16, 1902

அன்புள்ள ஆல்வின் அண்ணனுக்கு,

தங்கை திர்ஸா எழுதுவது. இருமல் ஒன்றைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுவும் பள்ளிக்கூடத்து அடுப்பு தந்த இருமல். நீங்களும் லவினா அண்ணியும் பையன் ஹோமரும் அந்த ஊர்ப் பனியில் நன்றாக இருக்கிறீர்களா?

கேப்டன் டென்னன்ட் போன இலையுதிர் காலத்தில் இறந்ததை எழுதியிருந்தேன். அவர் நினைவாகத் தொண்டர் படைக் கொட்டகைக்கு முன்னால் கல்லில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். ஒரு பக்கம் குதிரைகளுக்கு, மறுபக்கம் மனிதர்களுக்கு. ஜூலை நான்காம் தேதி திறப்பு. போன வாரம் அவர் மகன் ஜட்சன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, எங்கப்பா வரலாற நீங்கதான் எழுதி வாசிக்கணும். இந்த ஊர்லயே உங்க கையெழுத்துதான் அழகு."

"வாசிக்கிறதுக்குக் கையெழுத்து எதுக்குங்க?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக் குழுவின் தலைவர் அவர். என் வேலையை வருடாவருடம் புதுப்பிப்பவரும் அவர்தான். ஆகவே ஒப்புக்கொண்டேன்.

கேப்டன் எத்தனை சங்கங்களில் இருந்திருக்கிறார் தெரியுமா? கேதுருச் சங்கம், கோட்டைக் காவலர் சங்கம், இரும்புக் கரச் சங்கம், எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று விளக்குச் சகோதரர் சங்கம். அவர் மனைவி பட்டுப் பட்டைகளையும் வாள்களையும் கட்டில் முழுக்கப் பரப்பிக் காட்டினார். இதோடு நம் ஊர்த் தொண்டர் படையும் அவர் ஆரம்பித்ததுதான். எது எந்த வருடம், எதற்கு எது வழிவகுத்தது என்று கோவையாக எழுத வேண்டும். சங்க விஷயம் பெண்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

நம் அப்பாவும் அந்தப் படையில் இருந்தவர், மூன்று விளக்கில் இருந்தவர். அதை எழுதப் போவதில்லை, பயப்படாதீர்கள். குடித்துச் சங்கத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர் பெயரைத் தண்ணீர்த் தொட்டி விழாவில் சொல்வது பொருத்தமாக இருக்காது.

அண்ணிக்கு என் அன்பு. ஹோமருக்குக் கணக்கு வருகிறதா?

உங்கள் தங்கை,
திர்ஸா


யாகிமா, வாஷிங்டன் மாநிலம்
மார்ச் 4, 1902

அருமைத் தங்கை திர்ஸாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் மூவரும் கடவுள் அருளால் நலம். லவினாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் இருமலுக்கு வெங்காயச் சாற்றில் தேன் கலந்து குடி.

கேப்டனுக்கு நீ எழுதுவது நம் குடும்பத்துக்கே பெருமை. அவர் முதலில் சேர்ந்தது மூன்று விளக்கில்தான், உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு. இரண்டே ஆண்டில் அதன் தலைவரானார். மற்ற சங்கங்கள் பிறகு வந்தவை. தொண்டர் படையை எழுபத்திரண்டில் ஆரம்பித்தார். ஆட்களை எங்கே தேடினார் என்கிறாய்? சங்க மண்டபத்தில்தான். வியாழக்கிழமை அங்கே சகோதரர்களாக உட்கார்ந்தவர்கள் சனிக்கிழமை அவர் பின்னால் துப்பாக்கியோடு நடந்தார்கள். இதை அப்படியே எழுதலாம், நன்றாக இருக்கும்.

எனக்கு இந்த ரயில் வேலை கிடைத்ததே அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். இன்று நான் நிலைய அதிகாரி, இந்த ஊர் மூன்று விளக்குக்குத் தலைவன். நன்றி மறக்கக் கூடாது.

அப்பாவை விட்டுவிடுவதே சரி. ஊர் மறந்ததை நாம் ஏன் கிளற வேண்டும்?

என்றும் உன் நலம் நாடும்,
ஆல்வின்


கார்வர்ஸ் ரன்
ஏப்ரல் 13, 1902

அன்புள்ள அண்ணனுக்கு,

வெங்காயச் சாறு வேலை செய்தது. அண்ணியின் முழங்காலுக்குச் சூடான உப்பு மூட்டை ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். இனி நான் எழுதப் போவதை உட்கார்ந்து படியுங்கள்.

படையில் இருந்து இன்னும் உயிரோடு இருப்பவர்களில் ஏனஸ் விக் ஒருவர்தான் நினைவு தப்பாமல் பேசுவார் என்றார்கள். மாவட்ட ஏழைகள் விடுதியில் கிடக்கிறார். புகையிலை வாங்கிக்கொண்டு போனேன். பாதியை வாயில் அடக்கிக்கொண்டு, "கேப்டனப் பத்தி நல்லதா சொல்லணுமா, உள்ளதச் சொல்லணுமா?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணா இருந்தா சௌகரியம்."

"அப்ப நீ கெளம்பு தாயி."

நான் கிளம்பவில்லை. எழுபத்தேழு ஜூலை ரயில் வேலைநிறுத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கூலியைக் குறைத்ததற்காக ஆட்கள் பாலத்தை மறித்து நின்றார்கள். கேப்டன் படையோடு போனார். மூன்று பேர் செத்தார்கள். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தெரியாததை அவர் வாயாலேயே கேளுங்கள்.

"முன்னால நின்னவன் டாம் பிரெஸ்லின். பிரேக் போடுற ஆளு. அவனும் மூணு விளக்குத்தான். நாங்க துப்பாக்கியத் தூக்கினதும் அவன் இடது கையத் தலமேல வச்சு வலது கைய நீட்டினான். அது என்னன்னு உனக்குத் தெரியாது. எங்க ஆபத்துச் சைகை. அதப் பாத்த சகோதரன் உசிரே போனாலும் போய் நிக்கணும். அப்படித்தான் சத்தியம். அந்தச் சத்தியத்த எங்க எல்லாருக்கும் செஞ்சு வச்சவரே கேப்டன்தான். அவரும் பாத்தாரு. பாத்துட்டுத்தான் சுடுன்னாரு."

"நீங்க?"

"நான் சுட்டேன். வானத்தப் பாத்துச் சுட்டேன்னு எல்லாப் பயலும் சொல்வான். நானும் அதையே சொல்றேன், எழுதிக்கோ. சுடாதவன் ஒருத்தன்தான். ரூபன் லாக்கார்ட், ஒன் அப்பன். துப்பாக்கியத் தரையில வச்சுட்டு பிரெஸ்லின் பக்கமா நடந்து போயி நின்னான். அவனுக்குப் பக்கத்துலதான் பிரெஸ்லின் விழுந்தான்."

"அப்பா அன்னிக்குக் குடிச்சிருந்தாரா?"

கிழவர் புகையிலையைத் துப்பிவிட்டு என்னை முறைத்தார். "அவன் ஆப்பிள் சைடர்கூடத் தொட மாட்டானே. ஒனக்கு யாரு சொன்னா?"

யார் சொன்னது? நீங்கள் சொன்னீர்கள் அண்ணா. எனக்கு அப்போது பத்து வயது, உங்களுக்குப் பதினேழு. "அப்பா குடிச்சாரு, அதான் சங்கத்துல தொரத்திட்டாங்க, யார்கிட்டயும் பேசாத" என்று கிணற்றடியில் வைத்துச் சொன்னீர்கள். பதினான்கு வயதில் நான் கோயிலில் மதுவிலக்கு உறுதிமொழி எடுத்தது அதனால். ஒவ்வொரு வருடமும் மதுவிலக்கு வாரத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று, "என் தகப்பனார் ஒரு குடிகாரர், குடி ஒரு மனிதனை என்ன செய்யும் பாருங்கள்" என்று பாடம் நடத்துகிறேன். வருடாவருடம், அண்ணா. இந்த ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

விடுதியிலிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவைப் புதைத்த அன்று ஒரு முறை அப்பாவின் கல்லைத் தாண்டிப் போனதோடு சரி, நின்றதில்லை. இப்போது நின்றேன். கையாலேயே புல்லைப் பிடுங்கினேன்.

உங்களுக்கு என்ன தெரியும்? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

திர்ஸா


யாகிமா
ஏப்ரல் 27, 1902

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் சுகம். உப்பு ஒத்தடத்துக்கு லவினா நன்றி சொல்லச் சொன்னாள். இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்துவிட்டன. நிலையத்துக்குப் பின்னால் நானே நட்ட பன்னிரண்டும் பிழைத்துக்கொண்டன. பூக்கும் நேரத்தில் பனி விழுந்தால் போச்சு, ஆகவே விடியுமுன் எழுந்து வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுகிறோம். ஹோமர் இந்தப் பருவத்தில் கணக்கில் இரண்டாவதாக வந்திருக்கிறான். அவனை இந்த ஊர்த் தொண்டர் படையில் சேர்க்கலாமா என்று யோசனை. தோள் நிமிரும், ஒழுங்கு வரும்.

ஏனஸ் விக் அந்தக் காலத்திலேயே வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள். சந்தா கட்டாமல் சங்கத்தை விட்டுப் போனவன், சங்கத்தைப் பற்றி நல்லதா சொல்வான்? வயதானவர்களை அதிகம் தொந்தரவு செய்யாதே.

பனிக்காலக் கம்பளிகளை வெயிலில் போட்டாயா?

அன்புடன்,
ஆல்வின்


கார்வர்ஸ் ரன்
மே 11, 1902

அண்ணனுக்கு,

நான் நலம். ஆப்பிள் மரங்களும் நலம் என்று தெரிந்து மகிழ்ச்சி. நான் அப்பாவைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் மரத்துக்குப் புகை போடுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

விக் பொய் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் கேப்டனின் மனைவியிடமே போனேன். காப்பி ஊற்றிக் கொடுத்தார். பாலத்தில் நடந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் மறுக்கவே இல்லை. கடைசியில் இப்படிச் சொன்னார்.

"ஒங்கப்பா சங்கத்துல எந்திரிச்சு நின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வீட்டுக்காரரு கதை முடிஞ்சுது திர்ஸா. சைகையப் பாத்துட்டுச் சுடச் சொன்ன தலைவன எந்தச் சங்கம் வச்சுக்கும்? நாலுலருந்தும் தூக்கியிருப்பாங்க."

"அதுக்காக?"

"குடிகாரன்னு குத்தம் நிரூபணமானவனுக்கு மண்டபத்துல பேச்சு கெடையாது. அதான் விதி. என் வீட்டுக்காரருக்கு விதியெல்லாம் மனப்பாடம்." சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "அவரு தூங்காம கெடந்த ராத்திரியெல்லாம் நான் பாத்திருக்கேன். அது போதாதா ஒனக்கு?"

போதாது என்றேன். காப்பியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது எனக்கு அப்பாவின் கடைசிக் குளிர்காலம் புரிகிறது. அப்பா நுரையீரல் காய்ச்சலில் படுத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? சங்கத்துக்காரன் எவன் படுத்தாலும் தினம் இரண்டு சகோதரர்கள் காவலுக்கு வந்து உட்கார்வார்கள். வேலைக்குப் போய்வந்த அலுப்போடு வந்து உட்கார்ந்து, ஈரத்துணி மாற்றி, விறகு போட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வீட்டில் காவலுக்கு ஆள் வருகிறதா இல்லையா என்று தெரு முழுக்கப் பார்க்கும். அம்மா கட்டிலருகே இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. ஒன்றில் நான் ஏறி உட்காரப் போனேன், அம்மா அறைந்தாள். அம்மா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

சத்தியத்தைக் காப்பாற்றியவருக்கு நாற்காலி காலி. உடைத்தவருக்குக் கல் தொட்டி. இதைத்தான் ஜூலை நான்காம் தேதி வாசிக்கப் போகிறேன்.

திர்ஸா


கார்வர்ஸ் ரன்
ஜூன் 8, 1902

அண்ணனுக்கு,

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. வீட்டில் எல்லாரும் சுகம்தானே? யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் இரண்டு வரி போடுங்கள், என் கோபத்தை ஒத்தி வைக்கிறேன்.

ஜட்சன் டென்னன்ட் நேற்று வகுப்பு முடிந்ததும் வந்தார். அவர் அம்மா சொல்லியிருப்பார் போலிருக்கிறது. கரும்பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "டீச்சரம்மா, வரலாறுன்னா நல்லத மட்டும் எழுதுறது இல்லியா?" என்றார்.

"நீங்க என்ன பாடப் புத்தகம் படிச்சீங்கன்னு தெரியல."

"அடுத்த வருஷத்துக்கு உங்க வேலைய ஜூலை கடைசியிலதான் முடிவு பண்றோம். சும்மா ஞாபகப்படுத்தினேன்."

சும்மா ஞாபகப்படுத்தினாராம். எனக்குப் பயமில்லை என்று எழுதினால் பொய். பதினாறு வருடமாக இந்த வேலைதான் என் சோறு. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருக்கிறது.

திர்ஸா


யாகிமா
ஜூன் 19, 1902

திர்ஸாவுக்கு,

எல்லாரும் நலம். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை.

நீ ஒரு பெரிய மனிதரின் பெயரைக் கெடுக்கப் பார்க்கிறாய். சங்கத்தின் முறைகள் தெரியாமல் ஒரு கிழவனும் ஒரு விதவையும் உளறியதை வைத்துக்கொண்டு ஆடுகிறாய். தலைவன் என்ற முறையில் சொல்கிறேன், தெரிந்துகொள். கேப்டன் யாரையும் தன்னிஷ்டத்துக்குக் குடிகாரன் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் விதி அதற்கு இடம் தராது. குடிக் குற்றத்தை எதிரி சொன்னால் ஏற்க மாட்டோம், நண்பன் சொன்னாலும் ஏற்க மாட்டோம். அந்த மனிதனின் சொந்த வீட்டிலேயே வாழ்கிற, பதினாறு வயது நிரம்பிய ஓர் ஆண், மண்டபத்தின் நடுவில் நின்று, வேதத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் செல்லும். அப்பா விஷயத்தில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஆகவே கேப்டனைக் குறை சொல்ல உனக்கு ஆதாரமே கிடையாது.

அந்தக் கட்டுரையைக் கொளுத்திவிடு. வேலை போனால் என்ன செய்வாய்? இங்கே வந்துவிடு. லவினாவுக்கும் துணையாக இருக்கும்.

உன் நன்மைக்காகவே எழுதும்,
ஆல்வின்


கார்வர்ஸ் ரன்
ஜூலை 6, 1902

ஆல்வினுக்கு,

லவினாவும் ஹோமரும் சுகமாக இருக்கட்டும்.

நீ சொன்ன விதியைப் படித்தபோது நான் அடுப்படியில் நின்றிருந்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்பா மேல் குற்றம் சொன்னது யார் என்று கேட்கவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கேப்டன் கதை கட்டினார், நீ அதை நம்பினாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் சங்கத்தின் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் நீயே வந்து சொல்லிவிட்டாய். சொந்த வீட்டில் வாழ்கிற, பதினாறு நிரம்பிய ஆண். நம் வீட்டில் அப்பாவைத் தவிர யார் இருந்தோம்? அம்மா. பத்து வயதில் நான். நீ.

உன் கடிதம் வரும்போதெல்லாம் அம்மா என்னைப் படிக்கச் சொல்வாள். இரண்டாவது வரியிலேயே எழுந்து போய் அடுப்பைக் கிளறுவாள். அவளுக்குப் பிள்ளைப் பாசம் தாங்கவில்லை என்று நினைத்தேன், முட்டாள்.

இப்போது விழாவைக் கேள். கொடி, வாத்தியம், புதுத் தொட்டியில் பூமாலை, நான்கு சங்கத்தாரும் பட்டைகளோடு முன்வரிசையில். நான் எழுந்து கேப்டனின் நான்கு சங்கங்களையும் வரிசையாக வாசித்தேன். தொண்டர் படையை வாசித்தேன். நீ சொன்ன வியாழன், சனி எல்லாம் அதில் இருந்தது. தலையாட்டினார்கள். பிறகு பாலத்தை வாசித்தேன். பிரெஸ்லினின் கை எங்கே இருந்தது என்று என் கையை வைத்துக் காட்டினேன். முன்வரிசையில் ஒரு தலைகூட அசையவில்லை.

ஜட்சன் வாத்தியக்காரர்களைப் பார்த்து, "வாசிங்கடா, ஏன்டா நிக்கிறீங்க" என்றார். பித்தளைக் குழல்காரன் ஒருவன் பிரெஸ்லினின் பேரன். அவன் குழலை மடியில் வைத்துக்கொண்டான். மற்றவர்களும் வாசிக்கவில்லை.

ரூபன் லாக்கார்ட் குடிகாரர் அல்ல என்றேன். இத்தனை வருடம் உங்கள் பிள்ளைகளுக்கு நான் பொய்ப் பாடம் நடத்தினேன், யாரோ எனக்குப் பொய் சொன்னதால், என்றேன். அதன் பிறகு நீ எழுதிய விதியை உன் வார்த்தைகளிலேயே வாசித்தேன், யார் எழுதியது என்று சொல்லாமல். உன் பெயரையும் சொல்லவில்லை. வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் கலைந்தபோது ஒருவரும் என்னிடம் "யார் அந்த ஆள்?" என்று கேட்கவில்லை. வயதானவர்கள் சிலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"ஆல்வின் எப்படிம்மா இருக்கான்?"

கோயில் வாசலில், கடையில், இருபத்தைந்து வருடமாக இதையேதான் கேட்கிறார்கள். ஊரைவிட்டுப் போன பிள்ளையின் மேல் அக்கறை என்று நினைத்து நானும் சந்தோஷமாகப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். மண்டபத்தில் நீ நின்றதைப் பார்த்தவர்கள் அவர்கள். ஊருக்கே தெரியும். தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

உன்னை மிரட்டினார்களா? ரயில் வேலை தருகிறேன் என்றார்களா? சொல்லாவிட்டால் எல்லாரும் பட்டினி என்று அம்மாவே அனுப்பினாளா? எதுவாக இருந்தாலும் எழுது. பதினேழு வயதுப் பையனை நான் மன்னிக்கத் தயார். நாற்பத்திரண்டு வயது ஆள்தான் பதில் சொல்ல வேண்டும்.

திர்ஸா


யாகிமா
அக்டோபர் 2, 1902

அன்புள்ள திர்ஸாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்துக்குக் கடிதம் போடவும்.

இப்படிக்கு,
ஆல்வின்


கார்வர்ஸ் ரன்
அக்டோபர் 12, 1902

ஆல்வினுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் சுகம் கேட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் வேறு ஆசிரியை வந்துவிட்டாள். நான் துணி தைக்கிறேன், தையலுக்கு ஆள் வருகிறார்கள். சில ராத்திரி ஆத்திரத்தில் தூக்கம் வருவதில்லை. அப்பாவின் கல்லறையில் முகங்கொடுத்து நிற்க இன்னும் எனக்குப் பழகவில்லை. இதுதான் என் சுகம்.

நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். எனக்கு வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அது எப்படி முடிகிறது உனக்கு, அதை மட்டும் எழுது.

திர்ஸா